சாங்ஷன் எண்டா தடையோ அனுமதியோ: ஒரு இங்கிலிஷ் சொல்லைப் பிடிக்கிற முறை

லாண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் வாங்க லோனுக்குப் போட்டிருந்தன், காலபோகம் தொடங்க முதல் பதில் கடிதம் வந்தது. முழுக்க இங்கிலிஷ். நடுவில "யுவர் லோன் ஹாஸ் பீன் சாங்ஷன்ட்" எண்டு ஒரு வரி. நான் போனில மொழிபெயர்க்கிற ஆப்பில சாங்ஷன் எண்ட அந்த ஒரு சொல்லை மட்டும் அடிச்சுப் பாத்தன், "தடை" எண்டு வந்தது. அம்மாட்ட சொன்னன், "தடையெண்டா விடு மோனை, நாங்கள் பாக்காத தடையே" எண்டிட்டா. கடிதத்தை மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சாச்சு. பிறகுதான் தெரிஞ்சது அந்த வரியிட கருத்து லோன் கிடைச்சிட்டுது எண்டது, ஆனா அதுக்குள்ள கையெழுத்து வைக்கச் சொன்ன திகதி முடிஞ்சுது, திரும்ப முதலில இருந்து விண்ணப்பம், அந்தப் போகம் முழுக்க வாடகை மெசினாலதான் உழுதது. எங்கட பக்கத்துப் பிள்ளையள் ஆருக்கும் இப்பிடி நடக்கக் கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல் வேலை, சொல்லைத் தனியப் பிடுங்கி எடுக்காதேங்கோ. அந்த வசனம், அதுக்கு முன்வசனம், பின்வசனம் மூண்டையும் கொப்பியில எழுதுங்கோ. என்ர கடிதத்தில அடுத்த வரியே "இந்தத் திகதிக்கு முதல் வந்து கையெழுத்திடவும்" எண்ட மாதிரித்தான் இருந்தது, லோன் தரமாட்டினம் எண்டா கையெழுத்துக்கு ஏன் கூப்பிடுகினம்? அதை நான் அண்டைக்கு யோசிக்கேல்ல.

ரெண்டாவது, அகராதி. இங்கிலிஷுக்கு இங்கிலிஷிலயே விளக்கம் தாறதைப் பாருங்கோ. என்ர தெரிவு லோங்மன், நெற்றில சும்மா பாக்கலாம், விளக்கங்களை ஒரு 2000 லேசான சொல்லுக்குள்ளயே எழுதியிருக்கினம், ஓ எல் இங்கிலிஷ் இருந்தாக் காணும். கேம்பிரிட்ஜும் நல்லம். மொழிபெயர்க்கிற ஆப்பை நான் குறை சொல்லேல்ல, ஆனா அதுக்கு முழு வசனத்தைக் குடுங்கோ, ஒத்தைச் சொல்லைக் குடுக்காதேங்கோ. உள்ளுக்கு கவரேஜ் இல்லாத இடத்தில இருக்கிறாக்கள் ரவுனுக்குப் போகேக்க பாத்து ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ.

மூண்டாவதுதான் நான் விழுந்த இடம், இதில கொஞ்சம் நிக்கோணும். அகராதியில முதல் கருத்தோட நிப்பாட்டாதேங்கோ, கடைசி வரைக்கும் இறங்குங்கோ. சாங்ஷனுக்கு ரெண்டு கருத்து, ஒண்டுக்கொண்டு நேர் எதிர். ஒண்டு அதிகாரம் உள்ள ஆக்கள் குடுக்கிற அனுமதி, மற்றது தண்டனையாப் போடுற தடை. ஒரே சொல் எப்பிடி ரெண்டையும் சொல்லும் எண்டு எனக்கு கனநாள் விளங்கேல்ல, பிறகு வேரைத் தேடினன். லத்தீனில சாங்கீரே எண்டா புனிதமாக்கிறது, ஒரு சட்டத்தை மீறக்கூடாதது எண்டு நிலைநிறுத்திறது. செயின்ட் எண்டு சொல்லுறமே, அதுவும் இந்த வேரில இருந்து வந்ததுதான். முதலில சாங்ஷன் எண்டா சட்டம், ஆணை. பிறகு அந்தச் சட்டத்தை மீறினாக் கிடைக்கிற தண்டனையையும் அப்பிடிச் சொல்லிச்சினம், சட்டம் தாற ஒப்புதலையும் அப்பிடிச் சொல்லிச்சினம். தமிழில ஆணை எண்டதை நினைச்சுப் பாருங்கோ, செய் எண்டும் ஆணை போடலாம், செய்யாதே எண்டும் போடலாம். இது விளங்கின உடன எனக்குச் சொல் மனசில ஒட்டிட்டுது, பாடமாக்கவே தேவைப்படேல்ல.

அடுத்தது, எந்தக் கருத்து எண்டு கண்டுபிடிக்கிறது. சொல்லுக்குப் பக்கத்தில என்ன நிக்குது எண்டு பாக்கோணும். பன்மையில சாங்ஷன்ஸ் எண்டு வந்து, பக்கத்தில "இம்போஸ்" (போடுறது), "லிஃப்ட்" (எடுக்கிறது), "எகெய்ன்ஸ்ட்" (எதிரா) மாதிரிச் சொல் நிண்டா அது பெரும்பாலும் தடை. 1990 ஆவணியில ஐநா பாதுகாப்புச் சபை ஈராக்குக்குப் போட்டது சாங்ஷன்ஸ். ஒருமையில "வித் தி சாங்ஷன் ஒஃப்" எண்டு வந்தா இன்னாற்ற அனுமதியோட எண்டு கருத்து. வினைச்சொல்லா வந்தா எதை எண்டு கேளுங்கோ. காசு, லோன், லீவு, கட்டடவேலை எண்டா அனுமதிச்சிருக்கினம்.

இந்த இடத்தில ஒண்டு சொல்லோணும். எங்கட ஆக்களுக்கு ஏன் தடை எண்டது உடன மனசில விழுகுது எண்டா, 90களில இலங்கை அரசாங்கம் வடக்குக்குச் சாமான் வராமப் போட்ட தடைக்குள்ள வாழ்ந்து பாத்த சொல் அது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா ஒண்டும் ஒழுங்கா வராது, மோட்டச்சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடின காலம், இரவில படிக்க ஜாம்போத்தல் விளக்கு. 2002 இல தடை எடுபட்டு ஏ9 பாதை திறந்தாப் பிறகுதான் மூச்சு வந்தது. அதை இங்கிலிஷ் பேப்பருகளில எம்பார்கோ எண்டுதான் கூட எழுதுவினம். எம்பார்கோ எண்டா குறிப்பாச் சாமான் போக்குவரத்தை, வியாபாரத்தை மறிக்கிறது. சாங்ஷன்ஸ் அதைவிடப் பரந்தது, ஆக்களிட வங்கிக் கணக்கை முடக்கிறது, விசா குடுக்காம விடுறது எல்லாம் அதுக்குள்ள வரும். எங்கட பேப்பருகள் ரெண்டுக்கும் பொருளாதாரத் தடை எண்டே போடுறதால வித்தியாசம் தெரியாமப் போகுது.

கடைசி வேலை, சொந்தமா நாலு வசனம் எழுதுறது, ரெண்டு அனுமதிக்கு, ரெண்டு தடைக்கு. அகராதி வசனத்தைப் பாத்து எழுதாம உங்கட ஊர் விசயத்தை எழுதுங்கோ. நான் எழுதினதில ஒண்டு, "தி டிபார்ட்மென்ட் சாங்ஷன்ட் மணி டு ரிப்பெயார் தி கனால்", வாய்க்கால் திருத்தத் திணைக்களம் காசு ஒதுக்க ஒப்புதல் தந்தது எண்டு. எழுதினதை ஒரு இங்கிலிஷ் ரீச்சரிட்டக் காட்டுங்கோ, கூச்சப்பட வேண்டாம்.

பிறகு சேர்த்தது: முல்லைத்தீவில இருந்து ஒரு தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருந்தா, "தி கொம்பனி வாஸ் சாங்ஷன்ட்" எண்டா கொம்பனிக்கு அனுமதியோ எண்டு. இல்லை. ஆள், நாடு, கொம்பனி எண்டு வந்தா அநேகமா அவைக்குத் தண்டனை, தடை. ஆனா "ஹீ சாங்ஷன்ட் தி அட்டாக்" எண்டா தாக்குதலுக்கு அனுமதி குடுத்தார் எண்டது, கண்டிச்சார் எண்டில்ல. இந்த வசனம் செய்தியில கனக்க வரும், இதைப் பிழையா விளங்கினா ஆர் பக்கம் பிழை எண்டதே தலைகீழாப் போயிடும், வலு கவனம்.

இன்னொராள் இதே மாதிரி வேற சொல் இருக்கோ எண்டு கேட்டவர். ஓவர்சைட் எண்டதை எடுங்கோ, மேற்பார்வையும் அதுதான், கவனிக்காம விட்ட பிழையும் அதுதான். மேல சொன்ன மாதிரி முதலில முழு வசனத்தைக் கொப்பியில எழுதிப்போட்டுத் தொடங்குங்கோ, எழுதின வசனத்தைக் கீழ போட்டா நான் பாத்துச் சொல்லுறன்.