ஒரு கார் பல்பை வைத்து மின்தடையும் வாட்ஸும் கணக்கிடுவோம்

மின்தடை, மின்திறன் இரண்டையும் கணக்கிட வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும். மின்தடைக்கு வகுக்க வேண்டும், மின்திறனுக்குப் பெருக்க வேண்டும். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். ஆனால் மீட்டரைக் கையில் பிடித்து ஒரு முறையாவது அளந்து பார்த்தால்தான் அது மனதில் நிற்கும்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: 12 வோல்ட் பேட்டரி, காரின் பிரேக் லைட்டில் போடும் 12 வோல்ட் 21 வாட்ஸ் பல்பு, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், கிளிப் வைத்த ஒயர்கள். வீட்டு 230 வோல்ட் லைனில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள்.

படி 1: வோல்ட்டை அளப்பது

பல்பை பேட்டரியில் கொடுத்து எரிய விடுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, இரண்டு முனைகளையும் பல்பின் இரு பக்கமும் தொடுங்கள். எனக்கு 12.2 காட்டியது.

படி 2: ஆம்பியரை அளப்பது

இங்கேதான் கவனம் வேண்டும். வோல்ட்டை அளக்கும்போது மீட்டர் பல்புக்குப் பக்கவாட்டில் இருந்தது. ஆம்பியரை அளக்கும்போது மின்சாரம் முழுவதும் மீட்டருக்குள் புகுந்து வர வேண்டும். அதனால் ஒரு ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டயலையும் அங்கே திருப்புங்கள். எனக்கு 1.76 வந்தது.

அளந்து முடித்ததும் சிவப்பு ஒயரை மறக்காமல் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட். ஒயர் பொசுங்கும், மீட்டரும் போகலாம்.

படி 3: கணக்கு

மின்தடை = 12.2 ÷ 1.76 = 6.93 ஓம்
மின்திறன் = 12.2 × 1.76 = 21.5 வாட்ஸ்

ஏன் வகுக்கிறோம்? ஒரு ஆம்பியரை ஓட வைக்க எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்பதுதான் மின்தடை. ஏன் பெருக்குகிறோம்? ஒரு ‘கூலும்’ (மின்னூட்டத்தை அளக்கும் அலகு) எத்தனை ஜூல் ஆற்றலைத் தருகிறது என்பது வோல்ட். நொடிக்கு எத்தனை கூலும் போகிறது என்பது ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை ஜூல் என்று கிடைக்கும். அதன் பெயர்தான் வாட். மீட்டர் மில்லிஆம்பியரில் காட்டினால் முதலில் 1000-ஆல் வகுத்துவிட்டுப் பெருக்குங்கள்.

படி 4: ஓமை நேரடியாக அளந்து பாருங்கள்

பல்பைக் கழற்றி, ஆற விட்டு, மீட்டரை ஓமில் வைத்து அளந்தேன். 0.8 காட்டியது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.2 வருகிறது; அது மீட்டர் ஒயரின் தடை. கழித்தால் 0.6 ஓம். கணக்கில் வந்ததோ 6.93!

இரண்டுமே சரிதான். எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. சூடாக ஆக அதன் தடையும் ஏறுகிறது. ஓம் விதியில் ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஒரு சொல் வருமே, நாம் படித்துவிட்டுக் கடந்து போகிற அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இதுதான். ஆறிய 0.6 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால், ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில் 20 ஆம்பியர் வரை பாயலாம். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃபியூஸ் ஆனதற்கும் இதே காரணம்தான்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அளக்க வேண்டாம், கணக்கு மட்டும். 230 வோல்ட், 1000 வாட்ஸ் என்று போட்ட இஸ்திரிப்பெட்டிக்கு 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். தடை 230 ÷ 4.35, ஏறக்குறைய 52.9 ஓம். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பி, டங்ஸ்டனைப் போலச் சூட்டில் தடையை அதிகம் மாற்றிக்கொள்ளாது. அதனால் லோ வோல்டேஜ் நாளில் 200 வோல்ட் வந்தாலும் தடை அதேதான். 200 ÷ 52.9 = 3.78 ஆம்பியர், 200 × 3.78 = 756 வாட்ஸ். வோல்ட் குறைந்தது 13 சதவீதம், சூடு குறைந்தது 24 சதவீதம். வோல்ட் குறையும்போது ஆம்பியரும் சேர்ந்தே குறைவதால் இரட்டை அடி.

தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் போன்றவற்றில் மட்டும் இந்தப் பெருக்கல் உண்மையான வாட்ஸைத் தராது. ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் ஓடும் மோட்டாரில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பிந்தி வருவதால், பெருக்கி வரும் எண் உண்மையைவிட அதிகமாக இருக்கும். அதற்கு வீட்டு மின் மீட்டரையே பயன்படுத்தலாம். சிமிட்டும் சிவப்பு விளக்கின் அருகே 3200 என்று இருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓட விட்டு, ஒரு நிமிடம் எண்ணுங்கள். 40 சிமிட்டல் என்றால் மணிக்கு 2400, அதாவது 0.75 யூனிட். 1000 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதால், இது 750 வாட்ஸ்.