ஜெர்மனியில் முதல் குளிர்காலம்: ஹைட்சுங் மீட்டர் எதை எண்ணுகிறது?

வாடகையோடு ஹைட்சுங்குக்கு, அதாவது வீட்டைச் சூடாக்குவதற்கு என்று மாதாமாதம் கட்டுவது பெரும்பாலும் முன்பணம்தான். உண்மையான கணக்கு பிறகு வரும். கணக்காண்டு முடிந்து 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் அதை அனுப்பினால் போதும். இந்தக் குளிரில் தாராளமாகத் திறந்துவிட்டதற்கான பில் அடுத்த வருடம்கூட வரலாம்.

குடிபோன அன்றே உங்கள் வீட்டில் எந்தக் கருவி என்று பாருங்கள். தரைக்கடியில் குழாய் ஓடும் புது வீடு என்றால், பெரும்பாலும் சுவரிலுள்ள சிறு அலமாரிக்குள் வெப்ப மீட்டர் இருக்கும். அது எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கும். வரும் குழாயிலும் திரும்பும் குழாயிலும் உள்ள சூட்டைத் தனித்தனியாகப் பார்க்கும். ஒரு கன மீட்டர் தண்ணீர் 50 டிகிரியில் வந்து 40 டிகிரியில் திரும்பினால், உங்கள் கணக்கில் ஏறுவது சுமார் 11.6 கிலோவாட் மணி. எத்தனை மணி நேரம் ஓடியது என்பது கணக்கே இல்லை. வீடு எவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டது என்பதுதான்.

பழைய கட்டடங்களில் ஒவ்வொரு ரேடியேட்டரிலும், அதாவது அறையைச் சூடாக்கும் தகட்டிலும், விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி ஒட்டியிருக்கும். அதில் ஓடும் எண் நம் ஊர் கரண்ட் யூனிட் அல்ல. மொத்தச் செலவில் உங்கள் பங்கைப் பிரிப்பதற்கான புள்ளி. ரேடியேட்டர் பெரிதென்றால் பெருக்கும் எண்ணும் பெரிதாகும். அதன்மேல் துணி காயப்போடாதீர்கள், முன்னால் சோபாவைத் தள்ளி வைக்காதீர்கள். அறை சூடாகாது, நீங்கள் இன்னும் திருகுவீர்கள், எண் ஏறும். ரேடியேட்டர் திருகியில் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. சீக்கிரம் சூடாகட்டும் என்று 5-இல் வைத்துப் பலனில்லை.

பலர் சண்டைக்குப் போகும் இடம் ஒன்று உண்டு. “இரண்டு மாதம் ஊரில் இருந்தோம், எங்களுக்கு எதற்கு பில்?” சட்டப்படி பொதுவாகச் செலவில் 50 முதல் 70 சதவீதம்தான் அளவீட்டின்படி, மீதி வீட்டின் பரப்பளவுக்கு. பூட்டியிருந்தாலும் அது வரும். மிச்சம் பிடிக்கிறேன் என்று குளிரில் முழுக்க அடைத்தும் போடாதீர்கள், சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

சாவி வாங்கும்போது எல்லா எண்களையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்புத் தாளிலும் எழுத வையுங்கள். வெப்ப மீட்டர் என்றால் முத்திரை ஆண்டையும் பாருங்கள். அளவுத்திருத்தம் 6 வருடத்துக்குத்தான் செல்லும். பில் தப்பாகத் தெரிந்தால், கையில் கிடைத்து 12 மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லலாம். உங்கள் ஊர் மீற்றர்ஃபெராயினில், அதாவது வாடகைதாரர் சங்கத்தில், உறுப்பினரானால் பில்லைப் பார்த்துத் தருவார்கள்.