எடுங்கள், பெயரைச் சொல்லி எடுங்கள்

வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ சாவு வீட்டில் கானா பாடும்போது கவனித்தால் தெரியும். மெட்டு பலருக்கும் பொது. சில சமயம் சினிமா மெட்டாகவும் இருக்கும். ஆனால் இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, பெற்ற பிள்ளைகள் என்று அந்த வீட்டுக்காகவே கோர்க்கிற வரிகள் பாடுகிறவரின் சொந்தச் சரக்கு. அதை செல்போனில் பிடித்துப்போய் இன்னொருவர் தன் பாட்டாக யூடியூபில் போடுவது திருட்டுதான். ‘கானா எல்லாருக்கும் சொந்தம்’ என்ற சமாதானம் மெட்டுக்குப் பொருந்தலாம், வரிக்குப் பொருந்தாது.

காசு கொடுத்து வாங்கிவிட்டால் எழுதியவர் பெயரையே தூக்கிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவின்படி, உரிமையை விற்ற பிறகும் ‘இது நான் எழுதியது’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கிறது. ஏதோ கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு பாட்டைக் கொடுத்துவிடும் பையன்களுக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லித்தர வேண்டும்.

வேலையிடத்தில் எனக்கு அதிகம் பயம் தருவது போன வருட ரிப்போர்ட். மணலிப் பக்கம் ஒரு ஆலையில் பாதுகாப்பு ஆய்வறிக்கை எழுதுகிறவர் பழைய ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிப்போட்ட வால்வின் எண் அதில் அப்படியே இருக்கும். புதிதாக வந்த பம்ப் இருக்காது. படிவத்தின் தலைப்புகளை எடுத்துக்கொள்வதில் குற்றமில்லை, அவை இருப்பதே அதற்குத்தான். ஆனால் ‘கசிவு இல்லை’ என்பது வேறொருவர் வேறொரு நாள் நேரில் பார்த்துச் சொன்னது. அதை நாம் பார்த்ததாக எழுதினால், அதை நம்பி ஒரு தொழிலாளி அந்த இடத்தில் வேலைக்கு இறங்குவார். பழைய தகவல் தேவைதான் என்றால், யார், எப்போது பார்த்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஜூனியர் ராத்திரி உட்கார்ந்து செய்த ஸ்லைடை மேனேஜர் தன் பெயரில் காட்டுவதும் இதே ரகம். சட்டப்படி அது கம்பெனிக்குச் சொந்தமாக இருக்கலாம். ‘செய்தது அவர்’ என்று ஒரு வரி சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஆய்வு மாணவர்கள் சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஆய்வேடு மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. சரி, 9 சதவீதம் வந்துவிட்டது, அந்த 9-உம் ஒரே ஆளின் கட்டுரையிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தது என்றால்? ஒப்பிட்டுப் பார்க்கிற சாஃப்ட்வேர் விட்டுவிடும், அவரைப் படித்த வழிகாட்டி பிடித்துவிடுவார். சொற்களை மட்டும் மாற்றிப் போட்டாலும் இதே கதிதான், வாதம் அவருடையதாயிற்றே.

பல நேரம் இது நோட்டில்தான் தொடங்குகிறது. நூலகத்தில் ஒரு வரியை எழுதிக்கொள்ளும்போதே மேற்கோள் குறி, ஆசிரியர் பெயர், பக்க எண் மூன்றையும் போட்டுவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரி யாருடையது என்று உங்களுக்கே தெரியாது.

வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அப்துல் கலாம் சொன்னதாகப் போடாதீர்கள். தவறான பெயரும் தவறுதான்.

அப்புறம், பெயர் விட்டுப்போனது பின்னால் தெரிந்தால் பதிவைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். முதல் வரியில் பெயரைச் சேருங்கள், உரியவருக்குப் போன் செய்து சொல்லுங்கள். அவர் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.