சிக்லிட் நிறம் மாறினால் மருந்து பாட்டிலைத் தொடாதீர்கள்

"ஏனுங்க, மஞ்ச மீனு கறுத்துப் போச்சுங்க, என்ன மருந்து ஊத்தறதுங்க?" கோயமுத்தூர் மீன் கடைகளில் அடிக்கடி விழும் கேள்வி. கறுத்தது சிக்லிட் குடும்பத்து ஆரட்டஸ் மீன் என்றால் அது பெரும்பாலும் ஆண். தொட்டியை வளைத்துப் போட்டுவிட்டது, அவ்வளவுதான். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த இந்த மீனில் குஞ்சுக்கும் பெண்ணுக்கும் மஞ்சள் உடம்பு, கறுப்புக் கோடு. தலைமைக்கு வந்த ஆணுக்கு உடம்பு கறுப்பு, கோடு வெளிர் நீலம்.

வெளுத்த மீனுக்கு மருந்து

பணமும் மீனும் போவது இங்கேதான். எத்தனை தரம் சொன்னாலும் தீராத எரிச்சல் இது. ஒரு மீன் வெளுத்துப்போய், மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டி நிற்கும். அதை வாளிக்கு மாற்றிக் கல் உப்பு போடுவார்கள். சாயங்காலத்துக்குள் நிறம் திரும்பிவிடும். தொட்டியில் விட்டால் அரை மணியில் பழைய வெளுப்பு. "கிருமி தொட்டியிலதான் இருக்குது" என்று முழுத் தொட்டிக்கும் மெத்திலின் ப்ளூ மருந்து. ஃபில்டரில் வளர்ந்து மீன் கழிவின் அம்மோனியாவை முறிக்கிற நல்ல பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும், தெம்பாக இருந்த மீன்களும் மேலே வந்து வாய் பிளக்கும்.

வாளியில் குணமாக்கியது உப்பல்ல. அடிக்கிற ஆண் அங்கே இல்லை.

தோல் செல்லுக்குள் கருநிறத் துகள்கள் பரவினால் மீன் கறுக்கும், நடுவில் குவிந்தால் வெளுக்கும். நரம்பும் ஹார்மோனும் இதைச் சில நிமிடத்தில் செய்துவிடும்.

லைட் போட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். தூங்கி எழுந்த மீன் வெளுப்பாகத்தான் இருக்கும். ஆறடி தள்ளிப் பத்து நிமிடம் உட்காருங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போனால் எல்லாம் தீனிக்கு ஓடிவரும், சண்டை தெரியாது. வால் கிழிந்து, தீனிக்கு வரப் பார்த்துத் துரத்தலில் திரும்பி ஓடினால் அடிபட்ட மீன். தீனியைத் தொடாமல், வயிறு உப்பி, வெள்ளை நூலாகக் கழிந்தால் அதுதான் நோய்.

அடிக்கிறவனை மட்டும் எடுப்பது

அடுத்தவன் நிறமேறி அந்த இடத்துக்கு வருவான். அதுவரை மஞ்சளாக நின்று பெண்ணென்று நம்பவைத்த ஆரட்டஸாகவும் இருக்கலாம். எடுத்த கையோடு கல்லையெல்லாம் கலைத்து வேறு விதமாக அடுக்குங்கள். எல்லை புதிதாகப் பிரியும். நாலு நாள் கழித்து விட்டால் அவன் புது ஆளாகத்தான் நுழைவான்.

ஜோடியாக வாங்குவது

வேண்டாம். ஆண் பெண்ணை அடித்தே கொன்றுவிடும். ஒரு ஆணுக்கு மூன்று, நான்கு பெண், தொட்டி நாலடி.

கலர் தீனி

மஞ்சளும் சிவப்பும் ஏற வாரக்கணக்காகும். அடிபட்ட மீனுக்கு உதவாது.

தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றுவது

சிறுவாணி கடினமில்லாத மென் தண்ணீர். மலாவி மீனுக்குக் கடினத் தண்ணீரும் 7.8 முதல் 8.5 வரை பிஎச்சும் வேண்டும். ஃபில்டரில் சிப்பி ஓட்டுத் துண்டு போடுங்கள். திருப்பூர்ப் பக்கத்துப் போர் தண்ணீரில் பெரும்பாலும் அந்தக் கடினம் தானாகவே இருக்கும். ஒரு வாரம் அது, மறுவாரம் இது என்று ஊற்றினால் எல்லா மீனும் ஒன்றாக வெளுக்கும். அப்போது மட்டும் சண்டையைத் தேடாமல் தண்ணீரைச் சோதியுங்கள்.