ஜீரோ டர்ன் புல்வெட்டி வாங்கும்போது நடக்கும் தவறுகள்

நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும், மேலே உட்கார்ந்து ஓட்டும் ஜீரோ டர்ன் புல்வெட்டியை நான் முதன்முதலில் வாங்கியபோது விளம்பரத் தாளில் குதிரைத் திறன், வேகம், வெட்டும் அகலம் என்ற மூன்று எண்களை மட்டுமே பார்த்தேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு சிறுவர் பூங்காவுக்கு அதை லோரியில் கொண்டுபோய் இறக்கிய அன்றே அது உள்ளே நுழைய மறுத்தது. வேலியின் வாசல் ஐந்தடி. மெஷினின் அகலம் 60 அங்குலம், அதாவது அதே ஐந்தடி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. 60 அங்குலம் என்பது கத்திகள் வெட்டும் அகலம் மட்டுமே. கத்திகளை மூடியிருக்கும் டெக் அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதல், வெட்டிய புல்லைத் தள்ளும் பக்கவாட்டு மூடியைக் கீழே இறக்கினால் மேலும் ஏறக்குறைய ஓரடி கூடுதல். அந்த மாதம் முழுவதும் அந்தப் பூங்காவைத் தோளில் மாட்டும் மெஷினாலேயே வெட்டி முடித்தோம்.

இதில் தவறு அளவுநாடாவை மறந்தது மட்டுமல்ல. திடலை நடந்து பார்த்துவிட்டு மெஷினைத் தேடாமல், மெஷினை வாங்கிவிட்டுத் திடலைப் பார்க்கப் போனதே தவறு; பின்னால் வந்த தொல்லைகள் பலவும் இதிலிருந்தே முளைத்தன.

அகலத்தைப் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 60 அங்குல மெஷின், திரும்புவதற்கும் முன்பு வெட்டிய வரிசையின் விளிம்பைச் சேர்த்து மீண்டும் வெட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், ஒரு மணி நேரத்தில் சுமார் 2.4 ஏக்கர் வெட்டும். 48 அங்குல மெஷின் சுமார் 1.9 ஏக்கர் வெட்டும். இந்த வித்தியாசம் காற்பந்துத் திடலில் கிடைக்கும். ஊஞ்சல், சறுக்குமரம், கல் பெஞ்சு, வரிசையாக நட்ட மரங்கள் என்று பத்தடிக்கு ஒரு தடை நிற்கும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பூங்காவில் அது அப்படியே கரைந்துபோகும். விளம்பரத்தில் காணும் 16, 18 கிலோமீட்டர் வேகமும் இடம் மாறிப் போவதற்கு உதவுமே தவிர, அந்த வேகத்தில் வெட்டினால் புல் பாதி வெட்டுப்பட்டுப் பாதி படுத்துவிடும். குதிரைத் திறனைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது போதாமல் எங்கள் திடல் எதுவும் வெட்டப்படாமல் கிடந்ததில்லை.

வாசலில் நுழையவில்லை என்பதற்காகப் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிடுவதும், கயிற்றால் தூக்கிக் கட்டிக்கொண்டே வெட்டுவதும் இந்த ஊரில் நான் கண்ட மிக மோசமான பழக்கம். இத்தகைய மெஷினில் கத்தியின் முனை மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சுழல்கிறது. கோயிலை ஒட்டியுள்ள திடலில் ரதம் வந்துபோன மறுநாள் புல்லுக்குள் சூறைத் தேங்காயின் சிரட்டைச் சில்லுகள் கிடக்கும். அவற்றில் ஒன்று கத்தியில் பட்டுப் பக்கவாட்டில் பறந்து, எதிரே நின்ற காரின் கதவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கதவு இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருக்கலாம். ஆகவே பொதுமக்கள் நடமாடும் பூங்காவுக்கு வாங்குகிறவர், பின்புறமாகப் புல்லைத் தள்ளும் டெக்கையோ, புல்லை உள்ளேயே பொடியாக்கும் தடுப்பு வைத்த டெக்கையோ முதலில் விசாரிக்க வேண்டும். பொடியாக்கும் டெக்கில் ஈரப்புல் அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அதற்கு அடிக்கடி வெட்டுவதும் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும்தான் வழி.

சரிவு விஷயத்தில் ஏற்படும் தவறு இதைவிடக் கொடியது, ஏனெனில் அதில் போவது ஓட்டுநரின் உயிர். இந்த வகை மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங் கிடையாது. பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் உண்டு. இரண்டு கைப்பிடிகளால் அவற்றைத் தனித்தனியே முன்னும் பின்னும் செலுத்தித்தான் வண்டி திரும்புகிறது, நிற்கிறது. முன்சக்கரங்கள் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் போல இழுத்த பக்கம் போகுமே தவிர, வண்டியைத் தாங்களாகத் திருப்பா. இதன் பொருள், ஈரமான சரிவில் பின்சக்கரம் வழுக்கிய அந்த நொடியில் திருப்பும் வசதியும் நிறுத்தும் வசதியும் ஒன்றாகவே கைவிட்டுப் போய்விடுகின்றன என்பதாகும். தைப்பிங் ஏரிப் பூங்காவைப் போலப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றி அமைந்த பூங்காக்கள் பேராக்கில் உண்டு. அத்தகைய இடங்களில் கரையின் சரிவு நேராகத் தண்ணீரில் முடியும். தாமான் திடல்களில் தண்ணீருக்குப் பதிலாக லோங்காங் என்னும் வடிகால் இருக்கும்.

பல தயாரிப்பாளர்கள் தங்கள் கையேட்டில் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஓட்டக்கூடாது என்கிறார்கள். சிலர் அதற்கும் குறைவாகவே அனுமதிக்கிறார்கள். 15 பாகை என்பதைக் கண்ணால் மதிப்பிட முயலாதீர்கள். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு நுனியைச் சரிவில் மேல்பக்கமாக வைத்து, ரசமட்டத்தால் அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, மறுநுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால், அது 27 சென்டிமீட்டரை எட்டுமிடத்தில் எல்லை முடிகிறது. தரை ஈரமாக இருந்தால் அந்த எல்லையும் செல்லாது. தண்ணீருக்கும் லோங்காங்குக்கும் மெஷினின் இரண்டு மடங்கு அகலத்துக்குக் குறையாத தூரம் விட்டு, அந்தப் பட்டையைத் தோள் மெஷினால் வெட்ட வேண்டும். எனவே திடலின் மொத்தப் பரப்பை வைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்காமல், இந்தப் பட்டையைக் கழித்த பரப்பை வைத்தே தேர்ந்தெடுங்கள். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுக் கம்பி இல்லாத மெஷினைப் பொது வேலைக்கு வாங்கவே கூடாது. கம்பி நிமிர்ந்திருக்கும்போது இருக்கைவார் கட்டாயம். மரக்கிளைக்காகக் கம்பியை மடக்கியிருக்கும்போது இருக்கைவாரைக் கழற்றிவிட வேண்டும். இந்த வேறுபாட்டை ஓட்டுநருக்குச் சொல்லிக் கொடுக்காமல் சாவியைக் கையில் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

வீட்டுத் தோட்டத்துக்கான மெஷினை மலிவு என்று வாங்கிப் பூங்காவில் இறக்குவது அடுத்த தவறு. வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். குனிந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். வணிக மெஷினின் டெக் தடித்த தகட்டை வெட்டி வெல்டிங் செய்து ஆனது. வீட்டு மெஷினில் பெரும்பாலும் மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி வடித்திருப்பார்கள். தகட்டின் கேஜ் எண் குறையக் குறையத் தடிமன் கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 10 கேஜ் சுமார் 3.4 மில்லிமீட்டர், 7 கேஜ் சுமார் 4.5 மில்லிமீட்டர். வீட்டு மெஷின் சிலவற்றில் ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றவே வழியிருக்காது. அது கெட்டால் முழுப் பாகத்தையும் தூக்கி எறிய வேண்டும். உத்தரவாத அட்டையின் சிறிய எழுத்தையும் படியுங்கள். சம்பளத்துக்கு வெட்டும் வேலையில் பயன்படுத்தினால் உத்தரவாதம் ரத்து என்றோ, மூன்று மாதம் மட்டும் என்றோ அதில் இருக்கக்கூடும்.

கையேடுகள் பெரும்பாலும் குளிர்காலம் உள்ள நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. ‘பருவத்துக்கு ஒருமுறை’ என்று அதில் வரும் குறிப்புகளுக்கு நம் ஊரில் பொருளே இல்லை, ஏனெனில் இங்கே புல் பன்னிரண்டு மாதமும் வளர்கிறது. நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டினால் மாதம் 100 மணி நேரம் ஓடிவிடும். பல இயந்திரங்களுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். ஆகையால் மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இல்லாத மெஷினை நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 60 அங்குல வணிக மெஷின் ஓட்டுநர் இல்லாமலேயே அரை டன்னைத் தாண்டும். டீசல் மெஷின் அதைவிடக் கனம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை விடாமல் பெய்து தரை சொதசொதவென்று கிடக்கும்போது, காவ் கிராஸ் என்று எல்லோரும் சொல்லும் அகன்ற இலைப் புல் அந்த எடையின் கீழ் வேரோடு கழன்றுவரும். நின்ற இடத்திலேயே சுழலும் வித்தையைத் தரை காய்ந்திருக்கும்போதும் அளவோடுதான் காட்ட வேண்டும். ஈரத்தில் ஒரு சக்கரத்தை நிறுத்தி மறுசக்கரத்தைச் சுழற்றினால் வடை அளவுக்கு வட்டமாக மண் தெரியும். கொஞ்சம் பின்னால் வந்து மீண்டும் முன்னால் போய்த் திரும்பினால் அந்தக் காயம் ஏற்படாது.

லோரியில் ஏற்றுவதற்கான சாய்வுப் பலகையும் மெஷினின் விலையில் சேர்ந்ததே. பலகையின் நீளம் லோரித் தளத்தின் உயரத்தைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். தளம் 75 சென்டிமீட்டர் உயரம் என்றால் பலகை 3 மீட்டர். பெல்ட், கத்தி, கத்தி சுழலும் அச்சைத் தாங்கும் ஸ்பிண்டில் பேரிங் ஆகிய மூன்றும் கடையில் இருக்கின்றனவா என்று வாயால் கேட்காமல், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டுநரின் காதுக்கு ஒலிகாப்பும் வேண்டும். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள, வேலையிடத்துக்கான ஒலி வெளிப்பாட்டு விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன.

இப்போதெல்லாம் மெஷின் வாங்குவதற்கு முன், என்னிடம் இருக்கும் திடல்களிலேயே மோசமானதற்கு, மழை பெய்த மறுநாள் காலையில் அதைக் கொண்டுவந்து, என் ஆளையே ஓட்டவிடும்படி கேட்கிறேன். கொண்டுவர மறுக்கும் கடையில் விலை கேட்பதில்லை.