இலங்கையின் வன்னிப் பக்க வீட்டில் பசை ஒட்டி மரத்தரை போடுவது எப்படி?

ரைல்ஸ் பதிக்கத் தெரிந்த கைக்கு மரப்பலகை ஒட்டுவது பெரிய வித்தையல்ல. வித்தியாசம் ஒன்றுதான்: ரைல்ஸ் ஈரத்துக்கு அசையாது, மரம் அசையும். மாரியில் பருக்கும், சோளகக் காற்றடிக்கும் கோடையில் சுருங்கும். எங்கள் பக்கம் ஒட்டிய மரத்தரை கிளம்பினால் எல்லாரும் முதலில் பசையைத்தான் திட்டுவார்கள். பலகையைக் கிளப்பிப் பார்த்தால் கீழே கொங்கிறீற் நனைந்திருக்கும். அதனால் இந்த விளக்கத்தில் பசை வாளியைத் திறக்க முன்னான வேலைதான் கூடுதலாக வரும்.

உங்கள் வீட்டுக்கு இது சரிவருமா?

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது உள்ளே தண்ணீர் புகுந்த வீடென்றால் இத்தோடு விட்டுவிடுங்கள், ரைல்ஸ் போடுங்கள். குசினி, குளியலறை, சாரல் அடிக்கும் விறாந்தை ஆகியவற்றுக்கும் இது வேண்டாம். படுக்கையறைக்கும் ஹோலுக்கும் போடலாம்.

அடுத்து, தரைக்குக் கீழே பொலித்தீன் விரித்துத்தான் கொங்கிறீற் போட்டார்களா என்று வீடு கட்டிய மேசனிடம் கேளுங்கள். பல வீடுகளில் குந்துக்குள் மண் நிரப்பி, இடித்து, அதன் மேல் நேரே கொங்கிறீற்றைக் கொட்டியிருப்பார்கள். அப்படியான தரை திரி மாதிரி மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். வளவுக் கிணற்றையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். மார்கழியில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகிறதென்றால், ஆடியில் காய்ந்து கிடக்கும் உங்கள் தரை அந்த நேரம் காய்ந்திருக்காது.

ஈரச் சோதனை

45 சென்ரிமீற்றர் சதுரமாகத் தடித்த தெளிவான பொலித்தீனை வெட்டி, தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளியின்றி ரேப்பால் ஒட்டுங்கள். அறைக்கு மூன்று இடமாவது வேண்டும். ஒன்று கட்டாயம் வெளிச்சுவர் ஓரமாக. இரண்டு நாள் விட்டு உரியுங்கள். உட்புறம் பனித்துளி இருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ ஈரம் ஏறுகிறது. ஒன்றும் இல்லாவிட்டால், "இன்றைக்கு இல்லை" என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் தேறிய தரையை மாரியில் மறுபடி சோதிக்க வேண்டும். புதுக் கொங்கிறீற் என்றால் 28 நாள் கணக்கை நம்பவே வேண்டாம். அது உறுதியாவதற்கான கணக்கு, காய்வதற்கானது அல்ல. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் என்று வையுங்கள். 4 அங்குலத் தரைக்கு நாலு மாதம், அதுவும் மழையில்லாத மாதமாக.

ஈரம் தெரிந்தால், அல்லது கீழே பொலித்தீன் இல்லையென்று தெரிந்தால், ஈரத்தடுப்பு எப்பொக்சி இரண்டு பூச்சு கட்டாயம், ஆனால் அடுத்த பகுதியில் சொல்லும் தேய்ப்பு வேலை முடிந்த பிறகு. பூச்சொன்றுக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிராம் போகும். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நன்கு காய்ந்த, கழுவிய மணலை மேலே தூவுங்கள். மணல் இல்லாத எப்பொக்சி கண்ணாடி மாதிரி வழுக்கும், சில பசைகள் அதில் பிடிக்காது. கடற்கரை மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுக்கும்.

தரையைத் தயார்படுத்தல்

பழைய வீட்டில் சிவப்புச் சீமெந்து மினுக்கிய தரை இருந்தால், வருடக்கணக்காகப் பூசிய பொலிஷ் மெழுகு அதற்குள் ஊறியிருக்கும். எந்தப் பசையும் மெழுகில் பிடிக்காது. கிறைண்டரில் டயமன் கப் (கொங்கிறீற் தேய்க்கும் கிண்ண வடிவத் தட்டு) போட்டு, மினுக்கம் போய்ச் சாம்பல் நிறக் கொங்கிறீற் தெரியும்வரை தேயுங்கள். ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: முத்தாக உருண்டு நின்றால் இன்னும் மெழுகிருக்கிறது, ஊறிக் கறுத்தால் சரி. தூசு நுரையீரலுக்குக் கெடுதி. துணி கட்டினால் போதாது, தூசு மாஸ்க் வேண்டும்.

பிறகு மட்டம். மேசன்மார் வைத்திருக்கும் 6 அடி அலுமினியச் சட்டத்தைத் தரையில் எல்லாத் திசையிலும் வையுங்கள். சட்டத்துக்கும் தரைக்கும் இடையில் 3 மில்லிமீற்றருக்குக் கூடின வெளிச்சம் தெரியக்கூடாது. மேட்டைத் தேயுங்கள். பள்ளத்தைத் தானே மட்டமாகும் சீமெந்துக் கலவையால் நிரப்புங்கள். சீமெந்தும் மணலும் குழைத்து மெல்லிசாகப் பூசினால் அது அப்பளம் போல் உரிந்து வரும், பலகையையும் கூட்டிக்கொண்டு வரும்.

வெடிப்பு, சுவரோரம், கதவு நிலையின் அடி இவற்றில் கறையான் மண் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கறையான் மருந்து. வெடிப்பை அடைப்பது பிறகு.

என்ன பலகை

முதல் தடவை செய்பவருக்கு, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த 14 அல்லது 15 மில்லிமீற்றர்ப் பலகைதான் நல்லது. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் அசைவு குறைவு. முழுமரம்தான் வேண்டுமென்றால் தேக்கு எடுங்கள், அகலம் மூன்றரை அங்குலத்துக்கு மேல் போகவேண்டாம். வைரம் (மரத்தின் கறுத்த நடுப்பகுதி) மட்டும்; வெளிறு (பட்டையோர வெளிர்ப் பகுதி) இருந்தால் கறையானுக்கும் உளுவுக்கும் சாப்பாடு போட்டது மாதிரி. பாலையும் முதிரையும் நிலைக்கும் கூரைக்கும் பேர்போன மரங்கள்தான், ஆனால் தரையில் ஒட்டப் புதிதாகப் பழகுபவர் அவற்றைத் தொடவேண்டாம். பாலை அடர்த்தியான மரம், அசையத் தொடங்கினால் பசையையே பிய்த்துவிடும். முதிரையில் பசை பிடிப்பது கடினம். தேக்கிலும் எண்ணெய் உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் பலகையின் அடியை அசிற்றோன் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மரக்காலையில் வாங்கும்போது பற்றுச்சீட்டையும், மரம் ஏற்றும் அனுமதிப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பலகையைக் கொண்டுவந்தவுடன் ஒட்டாதீர்கள். போடப்போகும் அதே அறையில், இடையில் சிறு சட்டம் வைத்துக் காற்றோட அடுக்குங்கள். அடுக்குப் பலகைக்குப் பெட்டியில் எழுதியபடி மூன்று நாளாவது, முழுமரத்துக்கு இரண்டு கிழமை. காற்றின் ஈரப்பதம் 65 வீதம் நின்றால் மரம் 12 வீத ஈரத்தில் நிற்கும். 80 வீதமானால் 15, 16க்கு ஏறும். இந்த ஏற்றத்தாழ்வின் நடுவில் ஒட்டுவதுதான் கெட்டித்தனம்: மாசி, பங்குனி, சித்திரை. ஆவணியில் உலர்ந்த பலகையை இறுக்கி ஒட்டினால் கார்த்திகையில் எழும்பும். மார்கழியில் ஒட்டினால் ஆனியில் இடைவெளி விடும். ஈரமானி இல்லையா? ஒரு பலகைக்கு அடையாளமிட்டு இரண்டு நாளைக்கொரு தடவை கடைத் தராசில் நிறுங்கள். மூன்று தடவை ஒரே நிறை காட்டினால் மரம் அறைக்குப் பழகிவிட்டது.

கணக்கு

10 அடிக்கு 12 அடி அறை, 120 சதுர அடி, 11.15 சதுர மீற்றர். பலகை 10 வீதம் கூட்டி 132 சதுர அடி. பசை சதுர மீற்றருக்கு ஒரு கிலோ அளவில் போகும், ஆகவே 15 கிலோ வாளி ஒன்று. வாங்குவது மரத் தரைக்கென்றே விற்கும் பொலியூரிதேன் அல்லது சிலேன் பசையாக இருக்கவேண்டும். தளபாடத்துக்குப் பூசும் வெள்ளைப் பசை தண்ணீர்ப் பசை. அதன் தண்ணீரையே பலகை குடித்து வளையும். பசையை இழுத்துப் பரப்பும், ஓரத்தில் பல் வெட்டிய கரண்டிதான் பல்லுக்கரண்டி. அதன் பல் அளவு வாளியில் எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். தேய்ந்த பல் பசையைக் குறைத்துப் போடும். எப்பொக்சியும் தேவைப்பட்டால் 7 கிலோ.

சுவரைச் சுற்றி 12 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். இனி வரிசைக் கணக்கு. பலகை அகலம் 120 மில்லிமீற்றர் என்று வைப்போம். 10 அடி என்பது 3048. இருபக்க இடைவெளியும் போக 3024. 25 முழு வரிசை போட்டால் மிச்சம் 24 மில்லிமீற்றர், விரல் அகலத் துண்டு. அது பிளக்கும், பார்க்கவும் அசிங்கம். அதனால் ஒரு முழு வரிசையைக் குறைத்து, 120ஐயும் 24ஐயும் கூட்டிப் பாதியாக்குங்கள்: முதல் வரிசையும் கடைசி வரிசையும் 72, நடுவில் 24 முழு வரிசை.

கோடு

எங்கள் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். சுவரை நம்பாமல் நூலை நம்புங்கள். 12 அடிச் சுவருக்கு நீளவாட்டில், சுவரிலிருந்து 324 மில்லிமீற்றரில் (12 இடைவெளி, 72 முதல் வரிசை, இரண்டு முழு வரிசை) நூல் அடியுங்கள். 3, 4, 5 அடி முக்கோணம் போட்டுக் குறுக்குச் சுவருக்குச் செங்குத்தா என்று பாருங்கள். கோட்டின் சுவர்ப் பக்கத்தில் நேரான சட்டமொன்றைத் தரையில் தற்காலிகமாக ஸ்குறூ போட்டு இறுக்குங்கள். முதல் பலகை அதில் முட்டி நிற்கும். பிறகு சட்டத்தைக் கழற்றி, ஸ்குறூ ஓட்டைகளை எப்பொக்சியால் அடைத்துவிட்டு, மிச்ச மூன்று வரிசையைச் சுவர்ப்பக்கம் போடலாம்.

பசை இல்லாமல் நாலைந்து வரிசை அடுக்கிப் பாருங்கள். பக்கத்து வரிசைகளின் முனைப் பொருத்துகள் குறைந்தது 8 அங்குலம் தள்ளி இருக்கவேண்டும். நிறமும் கலந்து வரும்படி மூன்று நாலு பெட்டியை ஒன்றாகத் திறந்து எடுங்கள்.

ஒட்டுதல்

காலையில் தொடங்குங்கள். வாளியில் எழுதியிருக்கும் நேரம் 23 பாகை வெப்பத்துக்கானது. இங்கே பகலில் 33 பாகை போகும். ஈரக் காற்றும் சேர்ந்தால் பசையில் தோல் பிடிக்கும் நேரம் நன்றாகக் குறையும். மின்விசிறியை நிறுத்தி, யன்னலைத் திறந்து, கையுறை போடுங்கள். கையில் காய்ந்த பசை தோலோடுதான் போகும்.

இரண்டு வரிசைக்கு மட்டும் பசையை ஊற்றி, கரண்டியை 45 பாகை சாய்த்து, பல் தரையில் உரசும்படி இழுங்கள். வரப்பு வரப்பாக நிற்கவேண்டும். தட்டையாகக் கிடந்தால் கரண்டியைக் கூடச் சாய்த்துவிட்டீர்கள். பலகையின் நாக்கை (ஓரத்தில் நீட்டி நிற்கும் பகுதி) அறைப் பக்கம் பார்க்க வைத்து, வரப்பின் மேல் கிடத்தி, முந்தின பலகையின் நாக்கு இதன் காடிக்குள் (மறு ஓரத்துப் பள்ளம்) போகும்படி தள்ளி அழுத்துங்கள். இறுக்க வேண்டுமானால் துண்டுப் பலகையை வைத்து றப்பர்க் கொட்டனால் தட்டுங்கள், நேரே பலகையில் அடித்தால் நாக்கு உடையும். நகராமலிருக்க மூன்று நாலு வரிசைக்கு ஒருமுறை குறுக்காக ரேப் ஒட்டுங்கள். அதையும் அன்றே உரித்துவிடுங்கள்.

பத்துப் பலகைக்கு ஒருமுறை, இப்போதுதான் வைத்ததைக் கத்தி நுனியால் நெம்பித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க வரப்புகள் நசுங்கி ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால் நல்லது. தனித்தனிக் கோடாக இருந்தால் அந்த இடம் பள்ளம், அல்லது பல் போதாது. பலகையின் அடி காய்ந்து வெளுப்பாக வந்தால் பசையில் தோல் பிடித்துவிட்டது. அதன் மேல் புதுப்பசை பூசக்கூடாது. சுரண்டி எறிந்துவிட்டுத்தான் பூசவேண்டும்.

மேலே சிந்தின பசையை அந்த நிமிடமே காய்ந்த துணியாலும் பிறகு தின்னர் தொட்ட துணியாலும் துடையுங்கள். பலகையின் பூச்சை தின்னர் மங்கவைக்கிறதா என்று ஒரு கழிவுத் துண்டில் முதலே பாருங்கள். நாளைக்குத் துடைக்கலாமென்று விட்டால் உளியால்தான் எடுக்கவேண்டும்.

அடுக்குப் பலகையென்றால் முடிந்த பகுதியில் 45 கிலோ றோலரை உருட்டுங்கள். றோலர் கிடைக்காவிட்டால் பலகைத் துண்டு விரித்து மணல் மூட்டை அடுக்குங்கள். ஒரு நாள் மிதிக்கக்கூடாது, அலுமாரி கட்டில் இரண்டு நாளுக்குப் பிறகு. சுற்று இடைவெளியைச் சீமெந்தால் அடைக்கவேண்டாம், அது மரம் மூச்சு விடும் இடம். ஓரப் பட்டியைச் சுவரில் அடித்து அதை மறையுங்கள், தரையில் அடிக்காதீர்கள். கதவின் அடியைச் சீவவேண்டி வரும்.

பிறகு தெரியும் குறைகள்

தட்டினால் பொள்ளென்று கேட்கும் இடம் சிறிதானால் விடலாம்; நடக்கும் வழியிலென்றால் 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு ஊசிக்குழாயால் பசை ஏற்றி, மேலே பாரம் வைத்து, மரமெழுகால் ஓட்டையை அடையுங்கள். கோடையில் அரை மில்லிமீற்றர் இடைவெளி தெரிவது குறையல்ல, மாரியில் தானே மூடும். பலகையின் இரு ஓரமும் எழும்பி நடு குழிந்தால் கீழிருந்து ஈரம் வருகிறது. உடனே மணற்தாள் போட்டு மட்டமாக்கினால், காய்ந்தபின் நடு எழும்பி ஓரம் குழியும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தேடுங்கள்: கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, உடைந்த குழாயா. அதை நிறுத்தி ஒரு கோடை முழுக்கக் காயவிட்ட பிறகுதான் தேய்ப்பதா என்று முடிவெடுக்கலாம்.

பொங்கலுக்கு முன் வாளி வாளியாக ஊற்றி வீடு கழுவும் பழக்கம் இந்த அறைக்குள் வரக்கூடாது. பிழிந்த துணி போதும். வாசலில் ஒரு சாக்குக் கால்மிதி போடுங்கள். முற்றத்து மணல் காலோடு வந்தால், எவ்வளவு நல்ல பூச்சையும் ஒரு வருடத்தில் மணற்தாளாக அரைத்துவிடும்.