நிமிடத்துக்கு எத்தனை தோட்டா என்று எண்ணாதீர்கள்

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம். விற்கப் போனால்தான் வேண்டும். அதனால் பலர் வீட்டு கராஜிலேயே சுட்டு முடித்த பித்தளைக் கேஸ்களில், அதாவது தோட்டாவின் வெளிக்கூடுகளில், பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், முனையில் குண்டு என்று திரும்ப நிரப்புகிறார்கள். அதற்கான கைப்பிடி இயந்திரம்தான் பிரஸ். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை. புரோகிரஸிவ் பிரஸ்ஸில் நாலைந்து கேஸ்கள் வட்டமாக நின்று ஒரே இழுப்பில் ஆளுக்கொரு கட்டம் நகரும், முடிந்த தோட்டா ஒன்று தட்டில் விழும். அந்த வேகத்தில் மயங்கித்தான் எல்லாத் தப்பும் நடக்கிறது.

கைத்துப்பாக்கித் தோட்டாவிலிருந்து ரைஃபிளுக்கு வருபவர்கள் முதலில் கோட்டைவிடுவது லூப்ரிகன்ட். கேஸை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுதான் டை. கைத்துப்பாக்கிக்கான கடினமான கார்பைடு டையில் எண்ணெய் இல்லாமலே ஓட்டிப் பழகிய கை அது. நானும் ஒரு .223 ரைஃபிள் கேஸைக் காய்ந்தபடியே ஏற்றினேன். கைப்பிடி பாதியில் நின்றது. பலமாக இழுத்ததில் கேஸின் விளிம்பு பிய்ந்து வந்தது, உடம்பு டைக்குள்ளேயே தங்கிவிட்டது. அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி உருவுவதற்குள் சனிக்கிழமை போயே போய்விட்டது. அதற்காக எண்ணெயில் முக்கி எடுத்தாலும் கேஸ் குறுகும் இடமான தோளில் பள்ளம் விழும்.

எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க நினைப்பது அடுத்த தப்பு. ரைஃபிள் கேஸ் சுடச்சுட நீளும். .223க்கு உச்ச நீளம் 1.760 அங்குலம். அதைத் தாண்டினால் கேஸின் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் இறுகிக் குண்டை நெரிக்கும், அழுத்தம் எகிறும். டையில் அழுத்தி சைஸ் செய்த பிறகுதான் அளக்கவும் வெட்டவும் முடியும் என்பதால், அந்த வேலையைத் தனிச் சுற்றாக வைத்துக்கொள்ளுங்கள். ராணுவக் கேஸ்களில் பிரைமர் குழியின் விளிம்பை நசுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சரிசெய்வதும் அந்தச் சுற்றிலேயே.

பவுடரில் குச்சி வகையும் உண்டு, உருண்டை வகையும் உண்டு. குச்சிகள் .223 மாதிரிச் சின்ன வாய்க்குள் இறங்கும்போது புனலில் சிக்கிக்கொள்ளும். ஒரு கேஸ் அரைகுறை, அடுத்தது வழிந்து ஓடும். புரோகிரஸிவில் உருண்டை வகை நிம்மதி. எதுவானாலும் மேலே ஒரு விளக்கு மாட்டி, குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண்ணை ஓட்டுங்கள். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பிரஸ்ஸின் பவுடர் குடுவையான ஹாப்பரில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். நாளைக்கு எது எதுவென்று நினைவிருக்காது.

இதையெல்லாம்விட மோசமானது, நடுவில் போன் அடித்து எழுந்து போவது. டில்லன் 550 மாதிரிக் கையால் தட்டைத் திருப்பும் பிரஸ்ஸில், திரும்பி வந்து உட்காருபவர் திருப்பினோமா இல்லையா என்று குழம்பினால் ஒரே கேஸில் இரண்டு தடவை பவுடர் விழலாம். ரைஃபிளில் அது பெரும்பாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பவுடரே விழாத கேஸ்தான் சத்தமில்லாமல் போகும். பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு குழலில் நின்றுவிட்டது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கியும் போகும், கையும் போகலாம். எழுந்தீர்களா, தட்டிலிருக்கும் கேஸ்கள் அத்தனையையும் எடுத்துப் பவுடரைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

பிரைமர் இறங்க மறுத்தால் முக்கி அழுத்தாதீர்கள், கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். ஏஆர்-15 ரைஃபிளில், பிரைமரை அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. தோட்டா ஏறும்போதே பிரைமரை லேசாகத் தொடும். துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர் அங்கே ஆபத்து. முடிந்த ஒவ்வொன்றின் அடியையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். நெருடினால் மேசையோரத்துப் பழைய காபி டப்பாவில் போடுவேன். போன வாரம் நூற்றுக்கு மூன்று அதில் விழுந்தது.